ஒருவரை மட்டும் ஏற்றிய படகு

எங்கள் கயாக் கிளப்பைத் தொடங்கியது நானும் என் தோழியும்தான். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள், ஆனால் முழங்காலுக்கு மேல் அதில் நனைந்தவர்கள் இல்லை. வேலை மாறி ஊரை விட்டுப் போன ஒரு கப்பல் இன்ஜினியர், தன் இரட்டை இருக்கைக் கயாக் படகை எங்கள் அலுவலக வாசலில் விட்டுப் போனார். அதை யாரும் சீந்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு திரேஸ்புரம் கரைக்குப் போனோம்.

மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னம்மா, குளிக்கிற தொட்டியவா கடல்ல இறக்குதிய?"

அன்று முழுக்க ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தோம். நான் வலது பக்கம் துடுப்புப் போட்டால் அவளும் வலது பக்கம் போடுவாள். கவிழ்ந்தோம். இடுப்பளவுத் தண்ணீர்தான், அதற்கே அவள் போட்ட கூச்சலில் கரையே திரும்பிப் பார்த்தது. அடுத்த வாரம் அந்த மீன்காரப் பெண்களில் ஒருத்தியே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவள்தான் எங்கள் முதல் உறுப்பினர். பிறகு ஒரு பள்ளி ஆசிரியை வந்தார், உப்பள அலுவலகத்திலிருந்து இருவர், இரண்டு மூன்று கல்லூரிப் பெண்கள். பழைய படகுகள் சிலவற்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம். வலைக் கொட்டகையில் ஒரு மூலையை மீனவர்கள் ஒதுக்கித் தந்தார்கள். விடியற்காலையில் அலையாத்திச் செடிகளுக்கு நடுவே வரிசையாகப் போவோம். முன்னால் எப்போதும் என் தோழியின் சிரிப்பு கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டே மற்றவர்கள் வழி கண்டுபிடிப்பார்கள்.

அப்படி நாலு வருஷம் போனது. அந்த மார்கழியில் வெள்ளம் வந்தது.

நகரமே தண்ணீரில் நின்றது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டு மாடிகளில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்ததும் கிளப்பில் எல்லோரும் கிளம்பினோம். படகுகளைக் குட்டியானை வேனில் ஏற்றி, சாலை முடிந்த இடத்தில் இறக்கினோம். எங்கே வயல், எங்கே வாய்க்கால் என்று தெரியவில்லை. நானும் அவளும் எங்கள் பழைய இரட்டைப் படகில் போனோம். இரண்டு இருக்கைக்கும் நடுவே இன்னும் ஒருவர் ஒடுங்கி உட்காரலாம். அப்படி ஒவ்வொருவராக மதியம் வரைக்கும் ஏழு பேரை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தோம்.

எட்டாவதாகப் போன வீட்டில் வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். பழைய மண்சுவர் வீடு. அடுப்படிக்கு மேல் போட்டிருந்த சிமெண்டுத் தளத்தில் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மொதல்ல அவளக் கூட்டிட்டுப் போங்கம்மா. அவளுக்குச் சுகரு. நேத்துலருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார் அவர்.

என் தோழி துடுப்பைக் கீழே வைத்தாள். "நான் இங்கன இறங்கிக்கிடுதேன். நீ ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ."

"இந்த இழுப்புல ஒத்தையில வலிக்க முடியாது. மூணு பேரும் கவுந்துருவோம். பேசாம உக்காருளா."

நான்தான் சொன்னேன். அந்தம்மா கணவரின் கையை விடவில்லை. அவர்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டார். "ஏளா, போ. நான் பொறத்தால வாரேன்." என் தோழி அவரைப் பார்த்து, "ஐயா, அரை மணி நேரத்துல வந்துருதோம்" என்றாள்.

முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பிப் போனபோது அந்த இடத்தில் வீடு இல்லை. சுவர் கரைந்து தளத்தோடு உட்கார்ந்துவிட்டிருந்தது. கலங்கிய தண்ணீர் அதன்மேல் சுழித்துக்கொண்டு போனது. "ஐயா, ஐயா" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் படகைத் திருப்பிய பிறகும் கூப்பிட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் அந்தம்மா நின்றிருந்தார். "அவுக எங்கம்மா?" என்றார். மருத்துவமனையில் எத்தனையோ பேருக்குச் சாவைச் சொன்னவள் என் தோழி என்பதால், இதையும் அவளையே சொல்லவிட்டு நான் தள்ளி நின்றேன். அதற்காக இன்றைக்கும் கூசுகிறேன். இரண்டு நாள் கழித்து, தண்ணீர் வடிந்த வாழைத்தோட்டத்தில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

வெள்ளத்தால் எங்கள் கிளப்புக்குப் பெயர் வந்தது. பேப்பரில் படம் போட்டார்கள். ஒரு கம்பெனி புதுப் படகுகள் தந்தது, கொட்டகைக்குப் பதில் தனி ஷெட் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பெருகி இரண்டு பிரிவாக ஆனது. என் தோழி மூன்று வாரம் வந்தாள். பிறகு டூட்டி மாறிவிட்டது என்றாள். ஷெட் திறப்புக்கு அழைக்க அவள் வீட்டுக்கே போனேன்.

"என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"நீ சொன்னது சரிதான். கவுந்துதான் இருப்போம். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சு என்ன செய்ய?" என்றாள். பிறகு, "துடுப்பத் தொட்டாலே அவரு வெரலு ஞாபகம் வருது" என்றாள்.

அந்தம்மா ஆறுமுகநேரியில் மகள் வீட்டில் இருப்பதாக என் தோழி விசாரித்து வைத்திருந்தாள். ஒரு நாள் இருவரும் பஸ்ஸில் போனோம். மகள் கருப்பட்டிக் காபி கொடுத்தார். என் தோழி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கள ஒண்ணும் சொல்லல தாயி. நாந்தான் ஏறியிருக்கக் கூடாது. அம்பது வருசம் கூட இருந்துட்டு, கடைசில அவுகள ஒத்தையில விட்டுட்டு ஏறிட்டேன்."

என் தோழி பையைத் திறந்து அந்தம்மாவுக்குச் சுகர் பார்த்தாள். மாத்திரை அளவைக் குறித்துக் கொடுத்தாள்.

இப்போதும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே போகிறாள். நான் கடலுக்குப் போகிறேன். நிறையப் புது முகங்கள். முன்னால் நான்தான் போகிறேன், திரும்பித் திரும்பி ஆட்களை எண்ணிக்கொண்டு. அவளும் நானும் வாரத்தில் இரண்டு மூன்று தடவை போனில் பேசுகிறோம், விலைவாசி, பிள்ளைகள், முட்டுவலி என்று எல்லாம். ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.