வெளித் தாழ்ப்பாள்

இசக்கி தைத்த தாழ்ப்பாளைப் பிரித்தெடுத்தவள் நான்தான். கைதவறி அல்ல. அது என்னவென்று தெரிந்தேதான் பிரித்தேன்!

ஒரு துணிச் சதுரத்தில் கொஞ்சம் சிவப்பு நூல்... விரல் நீளம்கூட இருக்காது. இதற்கா இத்தனை பீடிகை என்று நினைப்பீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

தாராவியில் எங்கள் சந்துப் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு மதியங்களில் கூடுவோம். மாட்டுங்காவிலிருந்து மைதிலி அக்கா வருவார். எல்லோரும் சேர்ந்து ஒரு கோதடி தைக்கலாம் என்றது அவர்தான். பழந்துணிகளை அடுக்கி, இழையோட்டித் தைக்கும் போர்வையைப் பம்பாயில் அப்படித்தான் சொல்வோம். ஆளுக்கொரு சதுரம். நாம் எதைப் பெரிதாக மதிக்கிறோமோ அதை அதில் படமாகத் தைக்க வேண்டும். ஒருத்தி நட்பு என்று இரண்டு கைகளைத் தைத்தாள். இன்னொருத்தி நேர்மை என்று தராசு தைத்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்துபோய், "நல்ல நேர்மைட்டி ஒன் நேர்மை!" என்று எங்களிடம் கேலி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

விதிகள் இரண்டு இருந்தன. துணி அவரவர் உடுத்திப் பழையதாக்கியதாக இருக்க வேண்டும். அப்புறம், சேர்ந்து செய்யும் வேலையில் ஒரு நூலும் குப்பைக்குப் போகக் கூடாது. வெட்டிய நுனி, பிரித்த தையல் எல்லாம் கோதடியின் அடுக்குகளுக்குள்ளேயே போய்விட வேண்டும். இந்த இரண்டாவது விதியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இசக்கி எடுத்துக்கொண்டது பாதுகாப்பு. பெயர்தான் உக்கிர தெய்வமான இசக்கி. ஆள் இருக்குமிடம் தெரியாது. பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையை வெட்டி, அதில் ஒரு வீட்டைக் குறுக்கே அறுத்துக் காட்டியதுபோல் தைத்திருந்தாள். ஒரு பாதியில் அறை, அதில் உட்கார்ந்திருக்கும் பெண். மறு பாதியில் ஏணி. நடுவில் கதவு. தாழ்ப்பாள் மட்டும் சிவப்பு. அது ஏணிப் பக்கம் இருந்தது!

மைதிலி அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். நான்தான் கூட்டத்தில் மூத்தவள், கைத்தையலும் சுத்தமாக இருக்கும்.

"தாப்பா அந்தப் பக்கம் போயிடுத்து பார். பாதுகாப்புன்னா உள்ளேன்னா இருக்கணும்? கொழந்தை கவனிக்கலை போலிருக்கு. நீயே மாத்திடேன்மா, அவகிட்ட சொல்லிண்டிருக்க வேண்டாம்."

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் அறையின் சன்னலுக்கு எதிரேதான் இசக்கி வீட்டு ஏணி. கீழே அவள் அண்ணனின் தோல் பட்டறை, மேலே அவர்கள் குடியிருந்த அறை. அவள் அம்மா காலையில் மாட்டுங்காவுக்குச் சமையல் வேலைக்குப் போவாள். அம்மா தலை மறைந்ததும் அண்ணன் ஏறி வந்து, மேல் கதவை வெளியே தாழிட்டுவிட்டு இறங்குவார். யாரோ ஒரு பையனோடு அவளைச் சயான் ஸ்டேஷனில் பார்த்ததாகப் பேச்சு... அதன்பின் பள்ளிக்கூடமும் நின்றது. ஞாயிற்றுத் தையலுக்கு மட்டும் அனுமதி உண்டு. பெண்பிள்ளைகள் கூடித் தைப்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

ஆக, அந்தப் பிள்ளை தப்பாகத் தைக்கவில்லை. பார்த்ததைத் தைத்திருந்தாள். கோதடியைப் பார்க்க வெளியாட்கள் வருவதாக இருந்தது. ஒருத்தராவது 'ஏன் இப்படி?' என்று கேட்க மாட்டாரா என்றுதானே தைத்திருப்பாள்? கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

அதுதான் எனக்குப் பயம். அந்தப் பட்டறையில்தான் என் அப்பா தோல் வெட்டினார். இவள் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டு அடுப்பு அணையும். நமக்கேன் வம்பு என்று நினைத்தேன். பழி போடவும் தோதாக மைதிலி அக்கா சொல்லியிருந்தார்! தையலைப் பிரித்தேன். சிவப்பு நூலை விதிப்படி அவள் சதுரத்துக்கு அடியிலேயே செருகினேன். வேறு நூலெடுத்து, தாழ்ப்பாளை அறைக்குள் தைத்தேன். மிக அழகாகத் தைத்தேன்.

அடுத்த ஞாயிறு இசக்கி அதைத் தடவிப் பார்த்தாள். பழைய இடத்தில் ஊசித் துளைகள் இருந்தன.

"ஏங்க்கா மாத்திட்டீய?"

"மைதிலி அக்காதான் சொன்னாவ. உள்ள இருந்தாத்தான சரி?"

என் முகத்தைப் பார்த்தாள். "உள்ள இருந்தா நல்லாத்தாங்க்கா இருக்கும்" என்றாள். பிறகு ஊசியை வாங்கி, ஓரம் தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

வெளியாட்கள் வந்தார்கள், பாராட்டினார்கள், போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் பட்டறையில் தீப்பிடித்தது. பட்டப்பகல். தோல் ஒட்டும் சொல்யூஷன் டப்பாக்கள் பற்றிக்கொண்டன. கீழே இருந்தவர்கள் வெளியே ஓடிவந்துவிட்டார்கள், என் அப்பாவும்தான். மேலே இசக்கி இருந்தாள்; ஏணி முதலில் எரிந்தது. பக்கத்துக் கூரை வழியாகப் போய்ப் புகைக்குள் கதவை உடைத்தவர்களுக்கு தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் கல்லூரியிலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இசக்கியின் அம்மா வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் ஒன்றையே கேட்டாள். "தாப்பா உள்ளயா கெடந்துச்சு, வெளியவா?" மகன் சொன்னார், அவளே உள்ளே போட்டுக்கொண்டு தூங்கியிருப்பாள் என்று. அவள் தாய்... நம்பவும் முடியாமல், நம்பாமலும் முடியாமல் கிடந்தாள்.

காரியம் முடிந்தபின் கோதடியை அவளிடம் கொடுப்பதென்று முடிவானது. நான்தான் விரித்துக் காட்டினேன். மகளின் சதுரத்தை அவள் கண் தேடிப் பிடித்தது.

"பாருங்க... எம்மக உள்ளதான் தாப்பா போட்டிருக்கா! அவளே தச்சி வச்சிருக்காளே!"

ஓவென்று அழுதாள். மகனை இழுத்து அணைத்து, "ஒன்னப் போயி நெனச்சிட்டனே" என்று அவர் தலையைத் தடவினாள். அவரும் அழுதார். அது பொய் அழுகை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவர் தோளுக்கு மேலாக என் அப்பா என்னைப் பார்த்தார். நான் கோதடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு வாக்கியம் போதுமே! ஏன் என் நாக்கு எழவில்லை?

அண்ணன் இப்போது வாஷியில் பெரிய பட்டறை வைத்திருக்கிறார். அப்பா அங்கேதான் வேலை செய்கிறார். இசக்கியின் அம்மா மட்டும் வாஷிக்குப் போகாமல் ஆண்டாப் ஹில்லில் தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிறேன். சொந்தப் பிள்ளைகூட இப்படி வராது என்கிறார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவள் அந்தக் கோதடியைத்தான் போர்த்திக்கொள்கிறாள். அதில் முதலில் ஒரு நுனிதான் தெரிந்தது. இசக்கியின் நீலச் சதுரத்தில், ஏணிப் பக்கம், ஒரு சிவப்பு நுனி. பழைய கோதடியில் உள்நூல் வெளியே வருவது சகஜம்தான். கத்தரித்துவிட்டேன். அடுத்த வாரம் அதே துளையில் மறுபடி வந்திருந்தது. அதற்கடுத்த வாரம் பக்கத்துத் துளையிலும்... எத்தனையோ சலவை கண்ட துணி. பிரித்த தையலின் துளை இரண்டு சலவையில் மூடிக்கொள்ளும். இவை மூடவில்லை!

அடுக்குகளுக்குள் எத்தனையோ நிற நூல்கள் கிடக்கின்றன. வருவது சிவப்பு மட்டும்தான். மூக்கருகே கொண்டுபோனால் சொல்யூஷன் வாடை அடிக்கிறது. அந்தத் தீயின்போது கோதடி எங்கள் தையல் அறையில் இருந்தது. புகைகூட அதன்மேல் பட்டதில்லை.

நுனியாக வந்தவை இப்போது நுனியாக நிற்பதில்லை. ஒரு துளையில் எழுந்து அடுத்த துளையில் இறங்குகின்றன. ஒட்டுப்போடும் சாக்கில் நான் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிறு கத்தரிக்கோலை எடுத்தபோது அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெட்டாதட்டி. அவ இன்னும் தச்சி முடிக்கல."

"என்ன தைக்கா பெரிம்மா?"

"தெரியலட்டி. முடிச்சாத்தான தெரியும்" என்றாள். சதுரத்தின்மேல் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்க நிம்மதியாக இருந்தாள்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். தாழ்ப்பாளின் கம்பி முடிந்துவிட்டது. கைப்பிடி வளைவில் இரண்டு துளைதான் பாக்கி. அதற்குள் நான் வாயைத் திறப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.

நாளை ஞாயிறு. கத்தரிக்கோலை இன்னும் பையிலிருந்து எடுத்து வைக்கவில்லை.