சாருக்குத் தெரியாத மரம்

குழித்துறையில் வீடு வாங்கிக் குடிவந்தபோது கொல்லை மூலையில் ஒரு மரம் நின்றது. பேர் தெரியவில்லை. நானோ மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவன். தெரியவில்லை என்று வெளியே சொல்ல முடியுமா? மூன்று நாள் பூதக்கண்ணாடியும் கையுமாக மரத்தைச் சுற்றி வந்தேன். காம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக இலை, இளஞ்சிவப்பில் பயற்றுப்பூ மாதிரி பூ, தட்டையான நெற்று. பயறுக் குடும்பம் என்பதுவரை பிடிபட்டது. அந்தக் குடும்பத்தில் இது யார் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் தாழ்ந்த மதில்மேல் செய்தித்தாளை விரித்து, இலை, பூ, நெற்று மூன்றையும் அடுக்கினேன். படமெடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்று செல்போனை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் பக்கத்து வீட்டு அக்காவின் ஆடு செய்தித்தாளைத் தின்றுகொண்டிருந்தது. மற்றதெல்லாம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

அக்கா ஓடிவந்தார். "சாரே, இது தின்னா எனக்க ஆட்டுக்கு என்னமும் செய்யுமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இந்தப் பதிலை என் மாணவன் சொல்லியிருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன். அக்கா ஆட்டை இழுத்துக்கொண்டுபோய்க் கட்டினார். நான் மரத்தையே படமெடுத்துக் குழுவில் போட்டேன். ஒருவர் புங்கு என்றார். ஒருவர் வாகை என்றார். இன்னொருவர் ரோஜாப் படத்தோடு காலை வணக்கம் சொன்னார்.

மத்தியானம் ஆடு கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. விஷம் ஏறுகிறது என்றே முடிவு கட்டினேன். என் கௌரவத்துக்காக ஒரு வாயில்லா ஜீவன் சாவதா? சட்டைகூட மாட்டாமல் மதிலோரம் போய் அக்காவைக் கூப்பிட்டேன். அந்த மரம் என்னவென்று எனக்குத் தெரியாது, உடனே ஆட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம், ஆட்டோவுக்குச் சொல்கிறேன் என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆட்டுக்குச் சீக்கொன்றும் இல்லையாம், பசியாம். காலையிலிருந்து ஒரு கொப்பு குழைகூடப் போடவில்லையாம்.

"சீமைக்கொன்னைன்னு நெனச்சு, எங்க பக்கம் சாஞ்ச கொப்பத்தான் தெனமும் வெட்டிப் போடுவேன் சாரே. நீங்க மூணு நாளா கண்ணாடி வச்சுப் பாக்கதக் கண்டு, இது வேற என்னமோன்னு பயந்து இன்னைக்கு நிறுத்திட்டேன்."

அக்காவிடம் அரிவாளை வாங்கி, ஒரு கொப்பு வெட்டி ஆட்டின் முன்னால் போட்டேன். சீமைக்கொன்னை. பாடப்புத்தகத்தில் கிளைரிசிடியா. பசுந்தழை உரத்துக்கு உதாரணமாகப் பதினைந்து வருஷமாக நான் போர்டில் எழுதிப்போடும் பேர். பரீட்சையில் அதை எழுதாமல் விட்ட பிள்ளைகளுக்கெல்லாம் இரக்கமே இல்லாமல் மார்க்கைக் குறைத்திருக்கிறேன்.