ஒரு டப்பா ஜிக்

என் தாய்மாமனின் வேலையைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. 'சின்னப் பையன், விவரம் தெரியாமல் சொல்லியிருப்பான்' என்று யாராவது சமாதானம் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. விவரம் தெரிந்துதான் சொன்னேன்.

ஹைதராபாத்தில், குகட்பள்ளிப் பக்கம் வீடுகளைவிட ஏரிகள் அதிகமாக இருந்த காலம். அப்பா ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். அம்மாவின் தம்பியைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்து, தன் பொறுப்பில் இருந்த மெஷின் ஷாப்பிலேயே அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டிருந்தார். மாமா எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கினார். அந்த வருடம் முடிந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானதும் கல்யாணம். பெண்கூடப் பேசி வைத்தாயிற்று.

எங்கள் வீட்டில் 'ஜிக்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். அப்பாவின் ஜிக், துளை போடும்போது பொருளை அசையாமல் பிடித்து டிரில்லுக்கு வழிகாட்டும் இரும்புச் சட்டம். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும். ஒருமுறை ஒன்று காணாமல் போனபோது, செக்யூரிட்டிக்காரர்கள் ஷாப்பில் இருந்த அத்தனை பேரையும் குடைந்தெடுத்தார்கள். அது கிடைக்கும்வரை அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவின் ஜிக், தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயக் குண்டு வார்த்து, சேவல் இறகோ ஆட்டுமயிரோ கட்டியது. போலாரத்தில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியரோடு சேர்ந்து சுற்றி அந்தப் பித்தைப் பிடித்துக்கொண்டார். புழு வேண்டாம், தவளை வேண்டாம். ஏதோ உயிருள்ளது நீந்துகிறது என்று நம்பி விரால் வந்து அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிக் டப்பாவோடு என்னையும் ஏரிக்குக் கூட்டிப்போவார். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, கலங்கலுக்குக் கறுப்பு. ஆழத்துக்குக் கனத்த குண்டு. கொடி மண்டிய கரையோரத்துக்கு லேசான குண்டு. அதிலும் துணி துவைக்கும் பிரஷ்ஷின் விறைத்த நார்களை முள்ளுக்கு மறைப்பாகக் கட்டியதாக இருக்க வேண்டும், கொடியில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். வீசியதும் அடியில் போய் உட்கார விட்டு, கோலின் நுனியை ஒரு சாண் தூக்கி, மறுபடி இறங்க விட வேண்டும். இறங்கும்போதுதான் விரால் கவ்வும்.

மழை பெய்து ஏரி செம்மண்ணாகக் கலங்கிக் கிடந்த ஒரு நாள், "இன்னைக்கு நீயே எடுத்துக் கட்டுல, பாப்போம்" என்றார். டப்பாவில் இருந்ததிலேயே அழகானதை எடுத்தேன். போலாரத்து நண்பர் கொடுத்த சீமை ஜிக். வெள்ளை இறகு, கனத்த தலை, மறைப்பு நார் கிடையாது. மாமா கவனிக்கும் முன் வீசிவிட்டேன். கொடியில் மாட்டியது. வெடுக்கென்று இழுத்தேன். தூண்டில் நரம்பு அறுந்தது.

"ஏல, கலங்கத் தண்ணில வெள்ளையா? அதும் கொடிக்குள்ள! நீ மீன் பிடிக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியால?"

கரையில் காலனிப் பையன்கள் நின்றிருந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள். அவர்களுக்கும் விளங்கட்டும் என்று, தனக்குத் தெரிந்த இந்தியில் மாமா அதையே இன்னொரு முறை சொன்னார். அன்றிலிருந்து காலனியில் என் பெயர் 'துல்ஹா'. மாப்பிள்ளை.

அந்த வாரமே காலனி வாசலில் செக்யூரிட்டி ஹவில்தார் என் சைக்கிளை மறித்தார். "க்யா துல்ஹே, மாமூ டப்பா லேகே கிதர் ஜாத்தா?" மாமா டப்பாவோடு எங்கே போகிறார் என்று விளையாட்டாகத்தான் கேட்டார்.

"உஸ்மே ஜிக் ஹை," என்றேன். அதில் ஜிக் இருக்கிறது.

அவர் சிரிப்பு நின்றது. "ஜிக்? ஃபேக்டரி கா?"

"ஹவ்," என்றேன். ஆமாம், தொழிற்சாலையுடையதுதான்.

அந்தச் சொல்லின் கனம் எனக்குத் தெரியும். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். மாமாவும் அப்படி நடுங்கட்டும், பிறகு டப்பாவில் இறகுகளைப் பார்த்துவிட்டு அவர்கள் போகட்டும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் மாலை செக்யூரிட்டியிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். தகவல் வந்திருக்கிறது, டப்பாவைத் திற என்று மட்டும் சொன்னார்கள். மாமா சாதாரணமாகத் திறந்தார். "அரே, முர்கி கே பர்!" என்று, கோழி இறகைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். அப்போது ஹவில்தார் அடியில் கைவிட்டு ஓர் அலுமினிய அச்சை எடுத்தார். ஈயக் குண்டு வார்க்கும் அச்சு. தொழிற்சாலைக் கழிவுத் துண்டில், தொழிற்சாலை மெஷினில், சாப்பாட்டு நேரத்தில் மாமா செய்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

எங்கே செய்தாய் என்று கேட்டார்கள். மாமா பொய் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

வேலை போயிற்று. பெண் வீட்டாரும் விலகிக்கொண்டார்கள். உள்ளங்கை அளவு கழிவு அலுமினியத்துக்காக ஒருவனை ஊருக்கு அனுப்பியவர்கள் மேல் எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு. ஆனால் அவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டவன் நான். கிளம்பும்போது அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை மாமா தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. அப்பா இறந்தபோதும் வரவில்லை.

நான் ஓய்வு பெற்றபின் கோவில்பட்டிக்குப் போய், மோட்டார் ரிப்பேர் கடையில் இருந்த அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். அப்பா இல்லை, இனிக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

மாமா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப, சொன்னது அத்தான் இல்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த அச்சு இருக்கது அத்தானுக்கு மட்டுந்தான்ல தெரியும். தன் வேலையக் காப்பாத்த என்னையக் காட்டிக் குடுத்துட்டாருன்னுல்லா நெனச்சேன்! அவரு சாவுக்குக்கூட நான் வரலையேல. அக்கா மொகத்துல முழிக்கலையேல, பாவி!" கையை ஓங்கினார். அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. "எந்திச்சுப் போயிரு."

அன்று மாலை அப்பாவை மாமா பார்த்த பார்வையை, உதவி கேட்கும் பார்வை என்றே நினைத்திருந்தேன். 'நீங்கள்தானா?' என்று கேட்ட பார்வை அது. அந்த வயதில் எனக்கு விளங்காமல் போனது அது ஒன்றுதான்.

ஹைதராபாத் திரும்பி, என்னோடு இருந்த அம்மாவிடமும் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் மாமா ஹைதராபாத் வந்தார். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார்கள், அப்பாவைப் பற்றிப் பேசினார்கள், சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. நான் காபி எடுத்துப் போனேன். மாமா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அங்க வைக்கச் சொல்லுக்கா," என்றார்.

"அங்க வச்சிட்டு, கதவச் சாத்திட்டுப் போ," என்றாள் அம்மா.