மல்லிகையும் முட்டையும் சேர்ந்த வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டு ஓவனுக்கு எட்டு வயது. போன வருடம் வரைக்கும் அது ஒருநாளும் சூடேறியதில்லை. வெளிநாட்டிலிருந்து கணவர் கார்கோவில் அனுப்பியபோது, அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டு இதை வைத்து என்ன செய்வது என்று திருதிருவென்று விழித்தேன். போனில் கேட்டதற்கு, "இருக்கட்டும், பின்னால ஆகும்" என்றார். பின்னால் அது கேஸ் புத்தகமும் கரண்ட் பில்லும் முறுக்கு டின்னும் வைக்கிற அலமாரி ஆனது. மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. அங்கே கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறவருக்கு ஓவன் மேல் என்ன ஆசை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறந்தாங்கிப் பக்கம் வெளிநாட்டிலிருந்து வருகிற எதையும் ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. வந்ததை வாங்கி வைத்துக்கொள்வோம்.

போன வருடம் இரண்டு மாத லீவில் வந்தார். வந்த மறுநாளே பெட்டியைப் பிரித்துச் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டேன். அது எப்போதும் என் வேலை. தைலம் ஒருவருக்கு, சோப்பு ஒருவருக்கு, பாதாம் எல்லாருக்கும் ஒரு கை. அவருடைய சட்டைகளுக்கு நடுவில் துணி சுற்றிய ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. மேலே வெள்ளைப் பூப் படம், அரபி எழுத்து. மூடியைத் திறந்தால் கும்மென்று வாசனை. சென்ட் என்று நினைத்து நாத்தனாருக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். இல்லாவிட்டால் அண்ணன் எனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை என்று அடுத்த லீவு வரைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

நாலாம் நாள் அவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார்.

"பூத்தண்ணி பாட்டிலைப் பாத்தியா?"

"அந்த சென்ட்டா? ஒங்க தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்."

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சண்டைக்கு வருவார் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவரோ கவிழ்த்துப் போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். ஒரு சென்ட்டுக்கா இந்த மூஞ்சி? நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அதுவா அண்ணி? கல்யாணத்துக்குப் போறப்ப ஆளுக்குக் கொஞ்சம் அடிச்சுக்கிட்டோம், தீந்துபோச்சு. பஸ்ஸு ஏறுறதுக்குள்ள வாசனை போயிருச்சு. இனிமே நல்ல சென்ட்டா வாங்கியாரச் சொல்லுங்க."

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலுள்ள மல்லிகைச் செடியில் மறுநாள் பூஜைக்காக மொட்டுப் பறித்து வைத்திருந்தேன். அவர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மொட்டாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்குப் பறிச்ச பூவை மோந்து பாக்குறீங்களே, ஒங்களுக்கு என்ன ஆச்சு?"

"மோந்தாச்சுல்ல, இனிமே சாமிக்கு ஆகாது. எனக்கே குடுத்துரு."

"வேணும்னா கடையில வாங்கிக்கங்க."

"கடைப்பூ ஆகாது. மருந்து அடிச்சிருப்பாங்க. வயித்துக்குள்ள போறது."

வயிற்றுக்குள்ளா? பூவா? எனக்கு மண்டை காய்ந்தது. அவர் மொட்டுகளை அலசி, காய்ச்சி ஆறிய பாலில் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தார். சூட்டோடு போட்டால் கசக்குமாம். இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டில் அவர் காபிகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பாலை வடிகட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினார். என் தலைமுடியைப் பாலில் நனைத்தது போலிருந்தது. நல்ல வாசனையா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அஞ்சு முட்டை குடு."

"வெள்ளிக்கிழமையிலயா?"

நான் சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒற்றைக் கையால் முட்டையை உடைத்து, வெள்ளை வேறு மஞ்சள் வேறாகப் பிரித்துவிட்டார். கண் வேறெங்கோ இருக்க, கை தானாக வேலை செய்தது. எவளோ ஒருத்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"யாரு கத்துக்குடுத்தா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. மஞ்சளில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"நான் சூப்பர்வைசர் இல்ல. பதினோரு வருஷமா ஒரு வீட்டுல சமையக்காரன். அங்க இருந்த பெரியம்மாவுக்குப் பல்லு கெடையாது. தெனமும் அந்தப் பூத்தண்ணி ஊத்துன இந்தக் கஸ்டர்ட்தான். அந்தம்மா போயிருச்சு. மகன் என்னையத் திரும்ப வரச் சொல்றாரு. நாளைக்குப் பதில் சொல்லணும்."

கஸ்டர்ட் என்றால் எங்களுக்கு மஞ்சள் பவுடர், மேலே நறுக்கிய வாழைப்பழம். ஆனால் அதைப் பற்றிக் கேட்கிற நேரமில்லை.

"என்ன சொல்லப்போறீங்க?"

"நம்ம வீட்டுல, நம்ம பாலுல, நம்ம பூவுல இது சரியா வந்துச்சுன்னா போகமாட்டேன். டவுன்ல சின்னதா ஒரு கடை போட்டுப் பொழைச்சுக்கலாம். வரலேன்னா போறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷப்படுவதா, இத்தனை வருடம் ஏமாந்ததற்கு அழுவதா? மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் சூப்பர்வைசர் என்றுதானே சொன்னோம். "சமைக்கிறதுல என்ன கேவலம்? நான் இருபது வருஷமா இங்க என்ன ஆபீஸா பாத்தேன்?" என்று கத்தினேன். கத்திவிட்டு, முறுக்கு டின்னையும் பில்லையும் வெளியே எடுத்து, ஓவனை நானே துடைத்துக் கொடுத்தேன்.

மல்லிகைப் பாலை மஞ்சளோடு சேர்த்துக் கலக்கி, ஷோகேஸிலிருந்த ஆறு பீங்கான் கிண்ணங்களில் ஊற்றினார். ஒரு தட்டில் வெந்நீர் விட்டு, அதற்குள் கிண்ணங்களை நிறுத்தி, தட்டோடு ஓவனுக்குள் தள்ளினார். ஓவனுக்குள் எதற்குத் தண்ணீர் என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தார். ஒரு கிண்ணத்தை லேசாக ஆட்டிப் பார்த்து ம் என்றார். "ஆறட்டும். போனுக்கு ரீசார்ஜ் பண்ணிட்டு வாரேன்" என்று கிளம்பினார்.

அவர் தெரு முனை திரும்பியதும் நானும் ஒரு கிண்ணத்தை ஆட்டினேன். நடுவில் தளதளவென்று ஆடியது. சீம்பால்கூட இதைவிடக் கெட்டியாக இருக்கும். ஸ்பூன் காம்பைக் குத்திப் பார்த்தேன், ஒட்டியது. இட்லியாக இருந்தால் மறுபடி மூடி வைக்கவேண்டிய பதம். ஐயோ, வேகவில்லையே! ரீசார்ஜ் எதற்கு? அந்த வீட்டு மகனிடம் வருகிறேன் என்று சொல்லத்தானே? ஆறு கிண்ணத்தையும் உள்ளே வைத்து, சூட்டுக் குமிழை முழுசாகத் திருப்பிவிட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது கிண்ணங்கள் மேடையில் இருந்தன. மேலே பொங்கி, உள்ளே ஓட்டை ஓட்டையாக, ஓரத்தில் தண்ணீர் பிரிந்து, திரிந்த பால் போலக் கிடந்தன.

"ஆடுச்சுங்க. வேகலைன்னு நெனச்சு நான்தான் திரும்ப வச்சேன்."

"நடுவுல ஆடணும். அதுதான் பதம்" என்றார் மெதுவாக.

பாட்டிலைத் தூக்கிக் கொடுத்தவளும் நான், இதைக் கெடுத்தவளும் நான். இவரை என் கையாலேயே விமானம் ஏற்றிவிட்டேன் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் ஒரு கிண்ணத்தை எடுத்து, பாத்திரம் கழுவுகிற இடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வேகவேகமாகத் தின்றார்.

"அதை ஏன் திங்கிறீங்க? கீழ கொட்டுங்க."

"பழக்கம்தான். அங்க கெட்டுப்போனது எனக்கு, நல்லா வந்தது மேசைக்கு."

"நல்லா வந்ததைத் தின்னதே இல்லையா?"

"பதம் பாக்க ஒரு ஸ்பூன்."

சொந்த வீட்டில் நின்றுகொண்டு, யாரோ பார்த்துவிடுவார்கள் என்பது போல அவர் விழுங்கிய விதத்தை என்னால் தாங்க முடியவில்லை. கிண்ணத்தைக் கையிலிருந்து பிடுங்கினேன்.

"நாளைக்கு மறுபடி செய்ங்க. நான் அடுப்படிப் பக்கமே வரல. நல்லா வந்ததை உக்காந்து தின்னுட்டு அப்புறமாப் பேசுங்க."

அன்று சாயங்காலம் துவைக்கிற கல் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. "ஏய், சாமிக்கு எத்தனை, எனக்கு எத்தனை?"

"சாமிக்கு ரெண்டு போதும்" என்றேன்.

சனிக்கிழமை ஆறு கிண்ணமும் வழவழவென்று வந்தன. நானும் ஒன்று சாப்பிட்டேன். தலையில் வைக்கிறதை ஏன் வாயில் வைக்கவேண்டும் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. அவர் தரையில் சம்மணம் போட்டு இரண்டாவது கிண்ணத்தைத் தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். எடுத்துக் கொடுக்கவா என்று கேட்டேன். வாய் நிறைய இருந்ததால், வேண்டாம் என்று ஸ்பூனை ஆட்டினார்.