நிலவறை வேண்டாம் என்ற கொத்தனார்

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளோடு பட்டாளம் சண்டைபோடும் இந்த அவசரகாலத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் கைக்குழந்தையை எங்கே படுக்கவைப்பது? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. செலண்டாரில் நாங்கள் கட்டப்போகும் பலகை வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை தோண்டலாம் என்றுதான் அந்தக் கொத்தனாரை வரவழைத்தோம். மெலிந்த மனிதர். புருவத்தில்கூடச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. எதற்கும் பதில் சொல்லுமுன் ஒருமுறை சாலையைத் திரும்பிப் பார்ப்பார்.

"குழி வேணாம்மா," என்றார்.

"பிள்ளையைப் படுக்கவைக்கத்தான் அண்ணே."

"அது உனக்குத் தெரியும். சோதனைக்கு வர்ற சோல்ஜருக்குத் தெரியுமா? காட்டுல இருக்கிறவனுக்கு அரிசி பதுக்குற இடம்னு சொல்லி, உன் வீட்டுக்காரரை லாரியில ஏத்திட்டுப் போயிருவான் லா."

"தோட்டா பலகையைத் துளைச்சிடுமே அண்ணே?"

மறுபடியும் சாலையைப் பார்த்தார்.

"துளைக்கும்," என்றார்.

அளவு நூலைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எங்களுக்காகப் பயந்தாரா, தனக்காகப் பயந்தாரா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், புரியவில்லை.

அடுத்த வாரம் அஸ்திவாரம் போடுகிறார்கள். அதன்பின் தோண்ட முடியாது. பிள்ளை பெற்றவர்களே, நீங்களானால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.