ஏழாம் லைன் அட்டை

டிலானி ஒரு நாளைக்கு மூன்று தரம்தான் தண்ணீர் குடிப்பாள். காலையில் வாடகைக்கு இருக்கும் போடிங் அறையில் ஒரு கோப்பை தேத்தண்ணீர், மத்தியானம் சோற்றோடு அரைக் கிளாஸ், வேலை விட்டு வந்த பிறகு ஆசை தீர ஒரு செம்பு. இடையில் நாக்கு வறண்டாலும் போத்தலைத் தொடமாட்டாள்.

எல்லாம் ஒரு அட்டையால் வந்த வினை. குண்டசாலைப் பக்கத்தில் அவள் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் ஒரு லைனுக்கு முப்பத்திரண்டு பெண்கள். முப்பத்திரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் அட்டை, சிவப்பு நாடாவில் கோத்து சுப்பவைசரின் மேசையில் கிடக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போகலாம். போனவள் வந்து கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழும்பலாம். கைக்குழந்தை வைத்திருக்கிறவளும் சரி, வயிற்றுப்போக்கோடு வந்தவளும் சரி, காத்திருக்கத்தான் வேண்டும். இந்த யோசனையைக் கண்டுபிடித்த மகராசன் ஒரு நாளாவது அப்படிக் காத்திருந்து பார்த்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் இதை எதிர்த்து ஒரு கடிதம் எழுதியவள் நஸ்லியா. கெலிஓயாக்காரி, டிலானிக்குப் பக்கத்து மெஷின். பத்தொன்பது பேர் கையெழுத்து வைத்தார்கள். டிலானி வைத்தது மூன்றாவதாக. அடுத்த வாரம் எச்.ஆர். மிஸ் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தையும் ஒரு பேனாவையும் முன்னால் வைத்தாள். டிலானி பேனாவை எடுத்து, தன் பெயரைத் தன் கையாலேயே வெட்டினாள்.

டார்கெட் முடிக்கவில்லை என்று சொல்லி நஸ்லியாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவள் டிலானியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

கோழை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் வேலை போவது எப்படி என்று டிலானிக்குத் தெரியும். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, ஓ.எல். பரீட்சை முடித்து, பத்தொன்பது வயதில் அவள் சேர்ந்த முதல் தொழிற்சாலையின் கேட்டில், இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டின் கடைசியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஜீ.எஸ்.பி. பிளஸ் நின்றுவிட்டதாம், ஓடர் இல்லையாம், தொழிற்சாலையை மூடுகிறார்களாம். ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ன சாமான் என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நம்முடைய துணிக்கு ஐரோப்பா வரி வாங்காமல் விடுகிற சலுகை அது. நாட்டில் நியாயம் சரியாக நடக்கவில்லை என்று அவர்கள் அதை நிறுத்தினார்கள். நியாயம் கேட்டவர்கள் அங்கே, நியாயம் தவறியவர்கள் கொழும்பில். கொழுந்துக் கூடையைத் திரும்பவும் முதுகில் மாட்டியவள் டிலானி.

சலுகை பிறகு திரும்பி வந்தது. அவளும் திரும்பி வந்து இங்கே சேர்ந்தாள். இப்போது அமெரிக்கா வரியை ஏற்றியதிலிருந்து இரண்டு லைன் மூடிக் கிடக்கிறது. மிச்சமுள்ள ஓடர் முழுவதும் ஐரோப்பாவுக்குப் போவது. அதுவும் போனால் தொள்ளாயிரம் பெண்கள் தெருவில் நிற்பார்கள். மாதாமாதம் பேராதனை ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் பாப்பம்மா, அதாவது இவளுடைய அம்மா, எந்தக் காசில் வருவாள்?

அந்தச் சலுகையைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு வருகிறது என்றதும் தொழிற்சாலை தலைகீழானது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். கன்டீன் பருப்பில் பருப்பு தென்பட்டது. குழுவோடு பேச எச்.ஆர். மிஸ் தேர்ந்தெடுத்த ஆள் டிலானி. தோட்டத்துப் பிள்ளை, பழைய ஆள், வெட்டச் சொல்லாமலே பெயரை வெட்டிய ஆள். இதைவிடத் தோதானவள் எங்கே கிடைப்பாள்? ஒரு வாரமாக அவளுக்குப் பதில்களைப் பாடமாக்கிக் கொடுத்தார்கள்.

குழு வருவது பதினொரு மணிக்கு. பத்தரைக்கு எல்லா லைன் அட்டைகளையும் எடுத்து ஒளித்துவிட ஏற்பாடு. ஆனால் அவர்கள் ஒன்பதரைக்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

அந்த நேரம் ஏழாம் லைன் அட்டை டிலானியின் கழுத்தில் இருந்தது. அவள் எழும்பும்போது, ஏழு மாத வயிற்றோடு மற்றப் பக்கத்து மெஷினில் இருந்த துஷானி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அக்கா, சுருக்கா வந்துருங்க. எனக்கு முடியல" என்றாள். பாத்ரூமிலிருந்து வெளியே வந்த டிலானியை எச்.ஆர். மிஸ் நடையிலேயே மடக்கி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடி அறைக்குள் தள்ளினாள். இருந்த பதற்றத்தில் இரண்டு பேரும் அட்டையைக் கவனிக்கவில்லை.

உள்ளே நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க வந்த ஜஹானா.

"பயப்புடாம கதைங்க. ஒங்கட பேர எங்கயும் எழுத மாட்டாங்க" என்றாள் ஜஹானா.

நேரம் கேட்டார்கள், ஓவர்டைம் கேட்டார்கள். பாடமாக்கியது பிசகாமல் வந்தது.

"சங்கம் சேரவோ, குறை சொல்லவோ ஏலுமா ஒங்களுக்கு?"

"எல்லாம் சொல்லலாங்க. ஒரு குறையும் இல்லங்க."

சொல்லும்போது நஸ்லியாவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தாள். பென்சிலால் டிலானியின் நெஞ்சைக் காட்டி ஒரு கேள்வி கேட்டாள்.

"இதென்ன எண்டு கேக்குறாங்க" என்றாள் ஜஹானா.

டிலானி குனிந்து பார்த்தாள். சிவப்பு நாடா. கண்ணாடிக்கு வெளியே எச்.ஆர். மிஸ்ஸும் அப்போதுதான் பார்த்தாள், கதிரையை விட்டு எழும்பினாள்.

அட்டையில் ஏழு என்றுதான் எழுதியிருக்கிறது. 'லைன் நம்பருங்க' என்று சொன்னால் முடிந்தது. பொய்கூட அல்ல. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் இங்கே வந்து நாற்பது நிமிடம். அட்டை இங்கே இருக்கிறது. அப்படியென்றால் துஷானி இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

"பாத்ரூம் அட்டைங்க" என்றாள். "முப்பத்திரண்டு பேருக்கு இது ஒண்ணுதான். நான் இத மாட்டிக்கிட்டு இங்க வந்துட்டேன். அங்க ஒரு புள்ளத்தாச்சி இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

ஜஹானா மொழிபெயர்த்தாள். பென்சில் ஓடத் தொடங்கியது. டிலானி அந்தப் பென்சிலையே பார்த்தாள்.

"இத எழுதுனா சலுகைய வெட்டிருவீங்களா?"

ஜஹானா அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னாள். "கண்டத எழுதுவாங்களாம். முடிவெடுக்குறது வேற ஆக்களாம்."

"போன தடவையும் யாரோதாங்க முடிவெடுத்தாங்க. வீட்டுக்குப் போனது நாங்க." ஜஹானா மொழிபெயர்த்து முடிக்கும்வரை டிலானி பொறுக்கவில்லை. "அட்டைய எடுக்கச் சொல்லி எழுதுங்க. எங்க வேலைய எடுத்துறாதீங்க. இதக் கேட்டதுக்காக நஸ்லியான்னு ஒருத்திய வெரட்டிட்டாங்க, அதையும் எழுதுங்க. இதெல்லாம் சொன்னது டிலானின்னு என் பேரையும் போடுங்க. இந்தத் தடவ நான் வெட்ட மாட்டேன்."

அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள். கதவடியில் எச்.ஆர். மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சிங்களத்தில் என்னவோ சொன்னாள். டிலானியின் காதில் ஒன்றும் ஏறவில்லை. நாளைக்கு இந்தக் கேட்டுக்குள் விடுவார்களோ என்னவோ, அது நாளைய பாடு.

ஏழாம் லைனில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. துஷானி இரண்டு காலையும் இறுக்கிக்கொண்டு, கண் கலங்க உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அட்ட எங்க?"

"அட்ட இல்ல. எந்திரிச்சுப் போ."

"அட்ட இல்லாம எப்படிக்கா?"

"நான் இங்க நிக்கிறேன். போ."

துஷானி சுப்பவைசரைப் பார்த்தாள், டிலானியைப் பார்த்தாள். மெஷினைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழும்பி நடந்தாள். அவள் போய்த் திரும்புவதற்குள் பின்வரிசையில் இன்னொரு கதிரை பின்னால் நகர்ந்தது.