பின்னறையில் டேப்பைப் பிடித்தவர்

பேய் பிசாசு விஷயத்தில் நான் நம்பாத கட்சி. பழைய கட்டடங்களை அளந்து, வரைபடமாக்கி, அவற்றின் கதையை எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே வீடுகள், கிள்ளானில் கடைவீடுகள் என்று பல வருடமாக அளந்துகொண்டிருக்கிறேன். ஆளில்லாத எத்தனையோ வீட்டு மாடிகளில் தனியாக உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டிருக்கிறேன். எலி வந்திருக்கிறது, ஒருமுறை பாம்பு வந்தது, வேறு எதுவும் வந்ததில்லை. இதைப் படித்துவிட்டு இந்தம்மா கதை விடுகிறாள் என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அது கிள்ளானில் ஒரு முனைக் கடை. கீழே பூட்டிக் கிடந்த மசாலா மில், மேலே ஒரு நீள நடையும் பலகைத் தடுப்புகள் போட்ட அறைகளும். மறுவாரம் உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு ஹோட்டலாக்கப் போகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். அன்று அளக்காமல் விட்ட அறை அதற்கப்புறம் காகிதத்தில்கூட இருக்காது. அந்தப் பதற்றம் எனக்குக் காலையிலிருந்தே இருந்தது. போதாததற்கு லேசர் கருவியின் பேட்டரி வேறு காலை வாரிவிட்டது. அதனால் பழைய முப்பது மீட்டர் டேப்.

என்னோடு அளக்க வருபவர் குணா அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல மனிதர், ஆனால் டேப்பைத் தரையில் தொப்பென்று போடுவார். எத்தனை முறை திட்டினாலும் திருந்த மாட்டார். எங்கள் முறை இதுதான். டேப்பின் வளைய முனை, அதாவது பூஜ்யம், அவர் கையில். பலகைத் தரையில் அவர்தான் முன்னால் போவார், ஒவ்வொரு பலகையையும் உதைத்துப் பார்த்துக்கொண்டே போய், கடைசிச் சுவரில் வளையத்தை அழுத்திப் பிடித்து இரண்டு முறை சுண்டுவார். இரண்டு சுண்டு என்றால் தரை நல்லது, நீ வரலாம் என்று அர்த்தம். சுருளை இந்தப் பக்கம் கட்டிவிட்டு, நான் டேப்பை விரலால் தொட்டபடி அவரை நோக்கி நடப்பேன். வழியில் வரும் ஒவ்வொரு தடுப்புக்கும் கதவுக்கும் எண்ணைப் படித்து எழுதுவேன். அவரை நெருங்க நெருங்க எண் குறையும்.

மதியம் இரண்டு மணி இருக்கும். மழை கட்டியிருந்தது. வெளியே லோரிச் சத்தத்தில் பேசினால் கேட்காது. நான் படிக்கட்டுத் தூணருகே குனிந்து கைப்பிடியை வரைந்துகொண்டிருந்தேன். அண்ணன் ஏதோ சொன்னார், தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் டேப் இறுகியது. நடையைத் தாண்டி, இருட்டாகக் கிடந்த பின்னறைக்குள் நேராகப் போயிருந்தது. இரண்டு சுண்டு வந்தது.

சுருளைத் தூணில் கட்டினேன். பதினான்கு மீட்டர் அறுபத்திரண்டு. எழுதிக்கொண்டு நடந்தேன். முதல் தடுப்பு பதினொன்று நாற்பது, இரண்டாவது எட்டு பதினைந்து. அன்று டேப் கொஞ்சம்கூடத் தொய்யவில்லை, மனுஷன் இன்றைக்குத்தான் உருப்படியாகப் பிடிக்கிறார் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன். பின்னறை வாசல், மூன்று அறுபது. எழுதிவிட்டு அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினேன். நம்பினால் நம்புங்கள், அந்த நொடியில் டேப் ஒரே இழுப்பாக, என் விரலைவிட்டு நழுவும்படி இழுபட்டது. நின்றுவிட்டேன்.

“என்னண்ணே, விளையாட்டா?” என்றேன், எரிச்சலோடு.

“யாருகிட்ட பேசுற?”

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். குணா அண்ணன் படியேறி வந்துகொண்டிருந்தார், கையில் ஐஸ் போட்ட தேநீர், இரண்டு தே ஐஸ் பொட்டலம்.

“தே வாங்கப் போறேன்னு சொன்னேன்லா, நீ தலையாட்டுன. வளையத்த முதல் தடுப்பு ஆணியில மாட்டிட்டுத்தான் போனேன்.”

டேப்பைக் காட்டினேன். அவர் போனில் விளக்கைப் போட்டு அறைக்குள் அடித்தார்.

அங்கே தரையே இல்லை. கறையான் தின்று, பலகை மொத்தமும் கீழே விழுந்து, மில்லின் இரும்பு யந்திரங்கள் தெரிந்தன. அந்தப் பள்ளத்துக்கு மேலே, என் இடுப்பு உயரத்தில், டேப் விறைப்பாக எதிர்ச்சுவர் வரை போயிருந்தது. சுவரில் ஆணி இல்லை, கொக்கி இல்லை. வளையம் சுவரை ஒட்டி நின்றது, அவ்வளவுதான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாகத் தணிந்தது. விழவில்லை. வேலை முடிந்ததும் பொறுப்பான ஆள் கீழே விடுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சுவரோரம் தொங்கியது.

“முருகா! வாம்மா, கீழ போயிடலாம்” என்றார் அண்ணன். தே ஐஸ் அவர் சட்டையெல்லாம் கொட்டியிருந்தது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கீழே கடை முகப்பை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில், படிக்கட்டு வாசலை ஒட்டி ஒரு ஆன்டி பூக்கட்டிக்கொண்டிருந்தார். மேலே வேறு யாராவது போனார்களா என்று கேட்டேன்.

“காலைலேருந்து இங்கதான் உட்காந்திருக்கேன். நீங்க ரெண்டு பேருதான் ஏறுனீங்க. ஏம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?”

பயந்துவிட்டேன், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? ஒரு அடி வைத்திருந்தால் அந்த யந்திரங்களின் மேல் கிடந்திருப்பேன். யாரோ என்னை நிறுத்திவிட்டார்கள் என்று, யாரென்று தெரியாமலே, பெட்டாலிங் ஜெயா வீடு வரை காரில் அழுதுகொண்டே நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மறுநாள் வரைபடம் போட நோட்டைத் திறந்தேன். பதினான்கு அறுபத்திரண்டு, பதினொன்று நாற்பது, எட்டு பதினைந்து, மூன்று அறுபது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. “பக்கச் சுவர் ஜன்னல், தொடக்கம் 1.74. முடிவு 0.82.” என் கையெழுத்து, என் பென்சில். நின்று படிக்காத எண்ணை நான் எழுதவே மாட்டேன், ஆபீஸில் அதற்காகவே என்மேல் எல்லாருக்கும் கடுப்பு.

அண்ணனை அனுப்பினேன். அவர் உள்ளே போக மறுத்துவிட்டு, பக்கத்துச் சந்திலிருந்து ஏணி போட்டு, வெளிச்சுவரின் பின்மூலையிலிருந்து, பலகை அடித்து மூடியிருந்த அந்த ஜன்னலை அளந்தார். சுவரின் கனத்தைக் கழித்துப் பார்த்தால் இரண்டு எண்ணும் அப்படியே பொருந்தின.

வாசலில் நின்றுவிட்டேன் என்றுதான் இன்றுவரை எனக்கு ஞாபகம். ஆனால் அந்த எண்களை டேப்பில் படிக்க வேண்டுமென்றால் நான் அந்த ஜன்னல் ஓரமாக நின்றிருக்க வேண்டும். தரையில்லாத அறையில், கும்மிருட்டில், இரண்டு முறை. அப்படியானால் அந்த இழுப்பு என்னை உள்ளே போகாமல் நிறுத்தியதா, போயிருந்தவளை வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததா, எனக்குத் தெரியவில்லை.

அந்த இரண்டு எண்களையும் வரைபடத்தில் போட்டுவிட்டேன். சரியான எண்கள்தானே. ஆனால் அந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம் கடைசி எண்ணில்தான் கண் போகிறது. பூஜ்யம் டேப்பைப் பிடித்தவர் கையில். நான் நின்றது 0.82இல். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லை.